மெஷின் வயிற்றில் ஒரு டம்ளர்

அந்தக் கம்பெனி செய்கிற ஒவ்வொரு வாஷிங் மெஷினின் வயிற்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர் இருக்கும். வாங்குகிறவர்களுக்கு இது தெரியாது. தெரிந்தால், பழைய மெஷினைத் துடைத்துத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போவார்கள். ஆனால் அது மறதியில் தங்கிய தண்ணீர் இல்லை, அளந்து விட்ட தண்ணீர். விட்டவள் டம்ளரக்கா.

அவளுக்கு வேறு பெயர் உண்டு. அது வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீர்ச் சோதனைப் பிரிவில் இருக்கிறாள், இப்போது அந்தப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. மற்ற கம்பெனிகளில் நூறு மெஷினுக்கு ஒன்றை எடுத்துத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்ப்பார்கள். இங்கே ஒன்று விடாமல் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவள் பிடித்த பிடிவாதம். "ஒண்ணு நல்லா ஓடுச்சுன்னு மிச்ச தொண்ணூத்தொம்பதையும் அனுப்பிட்டு, அவங்கவங்க வீட்டுத் தரைய யார் போய்த் துடைப்பா? நீங்க போவீங்களா?" என்று ஒருமுறை மேனேஜரையே நேருக்கு நேர் கேட்டாள். அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

டம்ளர் வந்த கதை ஒன்பது வருஷத்துக்கு முந்தையது. சோதனை முடிந்ததும் மெஷினில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளி, காற்றடித்துக் காயவைத்து அனுப்புவதுதான் அப்போது வழக்கம். அந்த மெஷின்கள் வெயில் காயும் கிடங்குகளில் நாலு மாதம், ஐந்து மாதம் கிடந்தன. தண்ணீரை வெளியே இறைக்கிற பம்பில் ஒரு ரப்பர் வளையம் உண்டு. அது காய்ந்து ஒட்டிக்கொண்டது. வாங்கிய முதல் நாளே வீட்டில் குளம் கட்டியது. படித்தவர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். ரப்பரை மாற்றினார்கள். கிரீஸ் தடவிப் பார்த்தார்கள், வெயிலில் உருகி ஓடியது. டம்ளரக்கா டீ குடித்துக்கொண்டே சொன்னாள்: "ரப்பர் காயுதுன்னா ஈரமா வச்சா போச்சு. கடைசித் தண்ணிய ஏன் ஊதி ஊதி வெளிய தள்றீங்க? ஒரு டம்ளர் உள்ளயே இருக்கட்டுமே." தண்ணீர் ஆவியாகிவிடாமல் இருக்க, வெளியேறும் குழாயின் வாயில் பச்சை நிறத்தில் ஒரு மூடி போடவும் அவளே சொன்னாள். அதோடு கசிவு நின்றது. பெரிய முதலாளி அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி, அவள் அளந்து பார்த்த எவர்சில்வர் டம்ளரைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, மீட்டிங் அறையில் வைத்துவிட்டார். டம்ளரக்காவுக்கு அதில் பெருமை இல்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். மீட்டிங் அறையைத் துடைக்க ஆள் இருந்தும், அந்தக் கண்ணாடியை மட்டும் அவளே துடைத்தாள்.

பெரிய முதலாளிக்குப் பிறகு மகன் வந்தார். சின்ன முதலாளிக்கு உள்ளூர் போதவில்லை. உலகப் படத்தைச் சுவரில் மாட்டி, குண்டூசி குத்த ஆரம்பித்தார். சும்மா சொல்லக்கூடாது, மனிதர் எல்லாவற்றையும் யோசித்தார். ஒரு நாட்டில் பிளக் வேறு என்றால் பிளக்கை மாற்றினார். ஒரு நாட்டில் குளியலறைக் கதவு குறுகல் என்றால் மெஷினை இரண்டு விரற்கடை இளைக்க வைத்தார். பொத்தான்களில் எழுத்தை மாற்றினார், விளக்கப் புத்தகத்தை ஒன்பது மொழியில் போட்டார். ஆறு நாடுகளில் மெஷின் ஜம்மென்று ஓடியது. ஏழாவது குண்டூசி படத்தின் மேல் ஓரத்தில், ஒரு குளிர் நாட்டில் இறங்கியது. அங்கே குளிரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஸ்வெட்டர் போட்டால் சரியாகிவிடுகிற குளிர் என்று நினைத்துக்கொண்டார்கள்.

முதல் சரக்கு அங்கே கோடையில் போய் இறங்கியது. ஒரு புகாரும் இல்லை. இரண்டாவது சரக்கு போனதும் ஆரம்பித்தது தலைவலி. மெஷினைப் பொருத்தி, துணி போட்டு, தண்ணீர் விட்டதும் அடியில் கசிகிறது. கழற்றிப் பார்த்தால் பம்பின் அடிப்பக்கம் விரிசல். ஒன்றா இரண்டா, கிடங்கில் இருந்து போனதில் முக்கால்வாசி அப்படி.

இங்கேதான் டம்ளரக்காவுக்குச் சிக்கல். பம்ப் செய்து கொடுப்பவர் வேறு யாரும் இல்லை, அவள் சம்பந்தி. அவள் மகளைக் கட்டியது அவர் மகன். முப்பத்திரண்டு பேர் வேலை செய்கிற பட்டறை, இந்தக் கம்பெனி ஒன்றுக்காகவே ஓடுகிற பட்டறை. அந்த மனிதரும் நேரம் பார்த்து, முதல் சரக்குக்கும் இரண்டாவது சரக்குக்கும் நடுவில் பிளாஸ்டிக் வாங்குகிற இடத்தை மாற்றியிருந்தார். ஊரே அவரைச் சந்தேகப்பட அது போதாதா?

டம்ளரக்கா பொறுத்திருந்து கேட்டிருக்கலாம். அவளுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கொஞ்சம் குறைச்சல். அங்கிருந்து திரும்பி வந்த, விரிசல் விட்ட பம்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு நேராக மகள் வீட்டுக்குப் போனாள். சம்பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டுக்குப் பக்கத்திலேயே பம்பை எடுத்து வைத்தாள்.

"என்ன சம்பந்தி, தடிமனைக் குறைச்சீங்களா? இல்ல, பிளாஸ்டிக்ல எதையாவது கலந்தீங்களா?"

சமையலறை வாசலில் மகள் கரண்டியோடு நின்றாள். சம்பந்தி பம்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "மூணு மில்லிமீட்டர். என்னிக்கும் மூணு மில்லிதான்" என்றார். பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு இரண்டு மாதமாகப் பேச்சில்லை. மகளுக்கு இவள் போன் பண்ணினால் "நல்லா இருக்கேம்மா, வச்சிடறேன்" என்பதோடு சரி.

மறுநாளே டம்ளரக்கா அளவுகோல் வைத்துப் பம்பின் சுவரை அளந்தாள். மூன்று மில்லி, ஒரு நூல் பிசகவில்லை. அதை அவரிடம் போய்ச் சொல்ல வாய் வரவில்லை. பிளாஸ்டிக் மோசமாக இருக்கலாமே என்று மனதுக்குள் ஒரு சாக்கு வைத்துக்கொண்டாள். கம்பெனியில் புது பிளாஸ்டிக் பம்புகளை மாடியிலிருந்து போட்டார்கள், கொதிக்கிற தண்ணீரில் போட்டார்கள், மேலே ஆள் ஏறி நின்று பார்த்தார்கள். இங்கே ஒன்றும் உடையவில்லை. அங்கே போனால் உடைந்தது.

சின்ன முதலாளி கடைசியில் அவளைக் கூப்பிட்டார். "அக்கா, எஞ்சினீயருங்க கையை விரிச்சுட்டாங்க. நீங்க போய்ப் பாருங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள காரணம் சொல்லலன்னா அந்த ஊர் ஏஜென்ட் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவான். அதுக்கு முன்னால நான் பம்ப் ஆள மாத்திடுவேன். உங்க சம்பந்தின்னு பாக்க முடியாது."

"பாக்க வேணாம்" என்றாள் டம்ளரக்கா.

நாலு புதுப் பம்புகளைப் பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்துக்கொண்டாள். இரண்டு பழைய பிளாஸ்டிக்கில் செய்தவை, இரண்டு புதியதில். ஸ்வெட்டர், அதன் மேல் ஒரு ஸ்வெட்டர், யாரோ கொடுத்த கோட்டு என்று மூட்டை மாதிரி போய் இறங்கினாள். விமான நிலையத்துக் கதவு திறந்ததும் மூக்குக்குள் ஏதோ மொறமொறவென்று ஆனது. மூச்சு விட்டால் புகை. கூப்பிட வந்தவர் நம் மொழிக்காரர், அந்த ஊரிலேயே பதினெட்டு வருஷமாக இருப்பவர், ஏஜென்டின் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறவர். "காதை மூடிக்குங்கக்கா, கழண்டு விழுந்துடும்" என்றார். தமாஷா நிஜமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மூடிக்கொண்டாள்.

கார் போகிற வழியில் பெரிய வெள்ளை மைதானம் ஒன்று வந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மேடு பள்ளம் இல்லை, ஒரு செடி இல்லை. குழந்தைகள் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்ளோ பெரிய கிரவுண்டு! சுத்தி வீடு கட்டாம எப்படி விட்டு வச்சிருக்காங்க?"

கிடங்குக்காரர் சிரித்தார். "கிரவுண்டு இல்லக்கா. ஏரி."

"ஏரி எங்க?"

"அதான். அவங்க நிக்கறதுதான் ஏரி."

அவளுக்குப் புரிய நேரமானது. புரிந்ததும் "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்றாள். இறங்கிக் கரையில் நின்றாள். அப்போது அந்த வெள்ளையின் நடுவே ஒரு லாரி, சாமான் ஏற்றிக்கொண்டு, சர்வசாதாரணமாகக் குறுக்கே போனது. டம்ளரக்கா மூக்கின் மேல் விரலை வைத்தவள் எடுக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகத் தண்ணீரோடு மாரடிக்கிறவள் அவள். தண்ணீர் எந்தச் சந்தில் நுழையும், எந்த மூலையில் தேங்கும், எந்தச் சத்தம் போட்டால் எங்கே ஓட்டை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். தண்ணீரைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்று இருந்தாள். இதோ, அதே தண்ணீர், லாரியைத் தூக்கிக்கொண்டு கிடக்கிறது. அவள் பார்த்ததெல்லாம் இதன் ஒரு முகம்தான் போலிருக்கிறது.

கிடங்கு ஒரு பெரிய தகரக் கொட்டகை. உள்ளேயும் மூச்சு புகைந்தது. பெரிய கதவுக்குப் பக்கத்தில் அவர்கள் கம்பெனிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. பிரிக்காத பெட்டி ஒன்றை இறக்கச் சொல்லிப் பிரித்தாள். முதலில் தன் டம்ளர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழாயைத் தாழ்த்தி, கீழே ஒரு பாத்திரம் வைத்து, பச்சை மூடியைக் கழற்றினாள். ஒரு சொட்டு வரவில்லை. மெஷினைச் சாய்த்தாள். அப்போதும் இல்லை.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நான் ஒரு நாள் லீவு போட்டா போதும், ஆளாளுக்கு ஆட்டம் போடறாங்க. தண்ணியே வைக்காம மூடி மட்டும் போட்டு அனுப்பியிருக்கானுங்க. ஊருக்குப் போய் வச்சுக்கறேன்" என்று பொரிந்தபடியே திருகுகளைக் கழற்றி, பம்பை வெளியே இழுத்தாள்.

கையில் எடுத்ததும் திட்டு பாதியில் நின்றது. காலிப் பம்பின் கனம் அவள் கைக்குத் தெரியும். இது காலி இல்லை. சரியாக ஒரு டம்ளர் கனம்.

வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பினாள். உள்ளே கண்ணாடி வார்த்தது போல ஒன்று நிறைந்து நின்றது. அடிப்பக்கம் விரிசல். விரிசலின் உதடுகள் வெளிப்பக்கமாக மலர்ந்திருந்தன, அந்த இடுக்கின் வழியே ஒரு மெல்லிய பளபளப்பு எட்டிப் பார்த்தது. வெளியே இருந்து யாரும் அடிக்கவில்லை. உள்ளே இருந்து எதுவோ தள்ளியிருக்கிறது.

"உறைஞ்சிருக்கு" என்றார் கிடங்குக்காரர், மழை பெய்கிறது என்பது மாதிரி. பிறகு புருவத்தைச் சுருக்கினார். "ஆமா, புது மெஷின்தானே? உள்ள தண்ணி எங்கேருந்துக்கா வந்துச்சு?"

டம்ளரக்கா பம்பை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த ஊர்க்காரர்களுக்கு மெஷினுக்குள் தண்ணீர் இருப்பது தெரியாது. கசிகிறது என்று அவர்கள் கழற்றிப் பார்ப்பது சூடான வீடுகளுக்குள். அதற்குள் உருகி ஓடிவிடும். அவள் ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் தெரியும், குளிர் தெரியாது. ஐஸ் தெரியாதவளா அவள்? போன வருஷம்தான், மகள் பாட்டிலை வாய் வரை நிரப்பி பிரீஸரில் வைத்து வெடிக்கவிட்டதற்கு, "முழுசா நிரப்பாதேன்னு எத்தனை தடவ சொல்றது" என்று வறுத்து எடுத்தாள். பிரீஸருக்குள் நடப்பது ஒரு ஊர் முழுக்க நடக்கும் என்று யாருக்குத் தோன்றும்? வீடு, ரோடு, ஏரி எல்லாம் சேர்ந்து ஒரே பிரீஸராக இருக்கும் என்று?

கையுறையைக் கழற்றிவிட்டு ஐஸை மெல்ல விடுவித்து எடுத்தாள். பம்பின் உட்புறம் அப்படியே அச்சாகியிருந்தது, தண்ணீரைத் தள்ளுகிற விசிறியின் ஆறு இதழ்களும் பதிந்திருந்தன. மெஷினின் ஸ்டிக்கரில் அவள் பிரிவின் முத்திரை, மூன்றாம் குழாய். அவள் தினமும் திறந்து மூடுகிற குழாய். அந்தத் தண்ணீர் நாற்பது நாள் கடலில் வந்து, பாதி உலகத்தைத் தாண்டி, இங்கே கல்லாகி, மூன்று மில்லிச் சுவரை ஓசையில்லாமல் பிளந்துவிட்டு, அவளுக்காகக் காத்துக்கொண்டு இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அழகாகவும் இருந்தது. விரல் மரத்துப்போகும் வரை அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

தங்கிய அறைக்கு வெளியே சின்ன பால்கனி இருந்தது. ஊரிலிருந்து கொண்டுவந்த நாலு பம்புகளையும் அங்கே வரிசையாக வைத்தாள். பழைய பிளாஸ்டிக்கில் ஒன்றுக்கு ஒரு டம்ளர் தண்ணீர், புதியதில் ஒன்றுக்கு ஒரு டம்ளர். மற்ற இரண்டும் காலி. காலையில் போய்ப் பார்த்தாள். தண்ணீர் விட்ட இரண்டும் ஒரே இடத்தில், ஒரே மாதிரி பிளந்திருந்தன. காலியாக இருந்த இரண்டும் சின்னக் கீறல் கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தன.

வெள்ளிக்கிழமை காலை வீடியோவில் கூப்பிட்டார்கள். மீட்டிங் அறையில் சின்ன முதலாளி இருந்தார். மேஜையின் அந்தக் கோடியில், கையைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சம்பந்தி. அவர்களுக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த டம்ளர் மின்னியது.

டம்ளரக்கா ஏரியைப் பற்றியும் ஐஸைப் பற்றியும் சொன்னாள். சின்ன முதலாளிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "குளிரு! அவ்வளவுதானா? அப்ப யார் மேலயும் தப்பில்ல. கடுங்குளிர்னு ரிப்போர்ட் போட்டுடலாம். குளிரத் தாங்கற பம்ப் வேற எடத்துல கெடைக்கும், அத வாங்கிப் போட்டுக்கலாம். சூப்பர் அக்கா."

அவள் தலையை ஆட்டியிருந்தால் போதும். கண்ணாடிப் பெட்டியில் டம்ளர் இருக்கும், அவள் பெயர் இருக்கும், ஊர் திரும்பினால் மாலை கூடப் போடுவார்கள். பம்ப் பட்டறை மட்டும் இருக்காது. சம்பந்தி தன் பம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், அதன் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது போல. அந்தப் பார்வையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"குளிர் இல்ல, தம்பி" என்றாள். "காலிப் பம்பைக் குளிர் ஒண்ணும் பண்ணல. நாலு பம்பை வெளிய வச்சுப் பாத்துட்டேன். பழைய பிளாஸ்டிக்கும் புதுசும் ஒண்ணுதான். தண்ணி இருந்தா ஒடையுது, இல்லன்னா ஒடையல. அந்தத் தண்ணி நான் வச்சது. உங்க பின்னால கண்ணாடிப் பெட்டியில இருக்கே, அதுதான் ஒடைச்சுது."

அறையில் எல்லோரும் திரும்பி டம்ளரைப் பார்த்தார்கள்.

"சம்பந்தி, நீங்க சாப்பிடற எடத்துல வந்து கேட்டேன். அடுத்த நாளே அளந்துட்டேன், மூணு மில்லி சரியா இருந்துச்சு. ரெண்டு மாசமா சொல்லல. வாய் வரல. தப்பு என் மேலதான்."

சின்ன முதலாளி கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்தார். "அப்ப டம்ளர எடுத்துடலாமாக்கா?"

"சூடான ஊருக்கு அதுதான் மருந்து, இருக்கட்டும். குளிர் ஊருக்குப் போறதுல மட்டும் ஊதிக் காய வச்சு, ரப்பருக்குக் கிரீஸ் தடவுங்க. இங்க உருகாது. அன்னிக்கு உங்கப்பா ஆளுங்க கிரீஸ் தடவும்போது நான்தான் கேலி பண்ணிச் சிரிச்சேன்."

ஏஜென்டுக்கு அன்றே கடிதம் போனது. பம்ப் மாறவில்லை. ஆனால் பேச்சு முடிவதற்குள்ளேயே சம்பந்தி எழுந்து போய்விட்டார். திரையில் அவர் நாற்காலி காலியாக இருந்தது. டம்ளரக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்புவதற்கு முன் கிடங்குக்காரர் அவளை ஏரிக்கு அழைத்துப் போனார். முதல் அடி வைக்க அவள் படாத பாடு பட்டாள். பிறகு அடிமேல் அடி வைத்து நடந்தாள். காலுக்கடியில் ஒரு இடத்தில் பனி விலகிக் கருநீலமாகத் தெரிந்தது. அந்த ஆழத்தில் வெள்ளைக் குமிழ்கள், எழும்பும்போதே நின்றுபோனவை, ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. கீழே மீன் ஓடுகிறது என்றார் கிடங்குக்காரர். டம்ளரக்கா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. மகள். வீடியோ.

"அம்மா, எங்க இருக்க?"

"தண்ணி மேல" என்றாள். போனைச் சுற்றிக் காட்டினாள். பிறகு திரையில் மகளின் முகத்தை ஒதுக்கிக்கொண்டு, பாதி கன்னமும் ஒரு மூக்குக்கண்ணாடியும் வந்தன.

"இது தண்ணியா?" என்றார் சம்பந்தி. இரண்டு மாதத்துக்குப் பிறகு வந்த முதல் பேச்சு. "நம்ம தண்ணியா?"

"நம்ம தண்ணிதான் சம்பந்தி."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்குள் நுழைந்துவிடுகிறவர் போல நெருங்கி வந்தார். "தடிமன் எவ்வளவு?"

டம்ளரக்கா கிடங்குக்காரரிடம் கேட்டாள். "ரெண்டு அடியாம்."

அந்த நேரத்தில் ஏரிக்குள் எங்கோ தூரத்தில் ஒரு முழக்கம் கிளம்பி, அவர்கள் காலுக்கடியில் ஓடி, அக்கரையில் போய் அடங்கியது. டம்ளரக்கா கிடங்குக்காரரின் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சத்தம் அது?" என்றார் சம்பந்தி.

"ஒண்ணும் இல்ல" என்றார் கிடங்குக்காரர். "ஐஸ் விரியுது. எடம் போதாம கரையத் தள்ளுது."

சம்பந்தி கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியா, துண்டா, எதிலோ துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"கரையவே தள்ளுதா" என்றார். "அப்ப என் மூணு மில்லி என்ன பண்ணும், பாவம்."

டம்ளரக்கா சிரித்தாள். சிரித்ததில் கண்ணில் நீர் வந்து, இமையிலேயே குளிர்ந்து ஒட்டியது.

"சம்பந்தியம்மா, கீழ கொஞ்சம் தட்டிக் காட்டுங்களேன். சத்தம் கேக்கறேன்."

அவள் ஏரியின் மேல் முழங்காலிட்டு, கையுறையைக் கழற்றி, போனை ஐஸோடு சேர்த்து வைத்து, விரல் முட்டியால் மூன்று முறை தட்டினாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு" என்றார் சம்பந்தி. "இன்னொரு தடவ தட்டுங்க."